மணிலா மாலில் சீனச் சாப்பாடு: எந்தக் கடைக்குள் நுழைவது?

மணிலாவின் பெரிய மால்களில் சீனச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. சிக்கலே அதுதான். எஸ்.எம். மெகாமால் மாதிரி ஒரு மாலுக்குள் நுழைந்தால், பன்றிக்கறி வைத்து அவித்த ஷோமாய் உருண்டைகளை நின்றபடியே தின்னும் ஸ்டால் இருக்கும். கல்லா வரிசையில் நின்று வாங்கும் சௌகிங் என்ற சங்கிலிக் கடை இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறக்க நூடுல்ஸ் வேகவைக்கும் கடை, வெள்ளை விரிப்புப் போட்ட வட்ட மேசைகளோடு, கூடையில் அவித்துவரும் சின்னப் பலகாரமான டிம்சம் விற்கும் கடை, அதற்கு மேல் தாய்வானிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ வந்த பெரிய பெயர் ஒன்று, வாசலில் டோக்கனோடு காத்திருக்கும் கூட்டம். எல்லாமே சீனக் கடைகள்தான். ஆனால் ஒன்றில் கிடைப்பது இன்னொன்றில் கிடைக்காது. தவறான கடையில் உட்கார்ந்தால் பணமும் போகும், பசியும் அடங்காது.

எது நல்ல கடை என்று பலர் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்: எத்தனை பேர், எந்த நேரம். நான்கு பேருக்கு மேல் என்றால் உள்ளூர்க்காரர்கள் நடத்தும் வட்ட மேசைக் கடை. தனியாகவோ இருவராகவோ என்றால் நூடுல்ஸ் கடை. வெளிநாட்டுப் பெரிய பெயர்களை நான் கடைசியில்தான் வைப்பேன். சௌகிங்குக்கு ஒரு தனி நேரம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மாலுக்குள் இத்தனை சீனக் கடைகள் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மணிலாவின் பினோண்டோ 1594இல் ஸ்பானியர் காலத்தில் உருவான சீனக் குடியிருப்பு. உலகின் மிகப் பழைய சைனாடவுன் என்று அதைத்தான் சொல்கிறார்கள். எஸ்.எம். மால்களைக் கட்டிய ஹென்றி சீ, சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். ராபின்சன்ஸ் மால்களின் ஜான் கோகோங்வேயும் ஜாலிபீ பர்கர் கடைகளைத் தொடங்கிய டோனி டான் காக்தியோங்கும் அதே ஃபூஜியன் வேர் கொண்ட குடும்பத்தினர். கட்டடம் அவர்களுடையது, உள்ளே விற்கும் சாப்பாட்டில் பாதி அவர்கள் மூதாதையர் கொண்டுவந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஃபிலிப்பைன்ஸ் சீனர்களில் பெரும்பாலோர் ஃபூஜியன்காரர்கள், ஆனால் மால் உணவகங்களின் மெனுவில் அதிகம் தெரிவது ஹாங்காங் பக்கத்துக் கான்டன் சமையல். ஃபூஜியன் சாப்பாடு எங்கே போயிற்று என்றால், பன்சித் என்கிற நூடுல்ஸ், லும்பியா என்கிற சுருள் என்று ஃபிலிப்பினோ வீட்டு அடுப்புக்கே போய்விட்டது. பிறந்தநாள் என்றால் ஆயுள் நீள வேண்டும் என்று நீளமான பன்சித் வைக்காத வீடு குறைவு. ஆகவே ஒரு மணிலாக் குடும்பம் சீனக் கடைக்குள் போகும்போது வேற்று நாட்டுச் சாப்பாடு சாப்பிடப் போவதாக நினைப்பதில்லை. அந்த மனநிலையோடு போனால்தான் இந்தக் கடைகள் புரியும். ஹாங்காங்கோடு ஒப்பிட்டுக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு இங்கே எதுவும் ருசிக்காது.

சௌகிங்

1985இல் ராபர்ட் குவான் தொடங்கிய கடை. 2000இல் ஜாலிபீ குழுமம் வாங்கியது. பர்கர் கடையின் முறையில் சீனச் சாப்பாடு: கல்லாவில் சொல்லி, பணம் கட்டி, எண் வாங்கி உட்கார வேண்டியதுதான். லோரியாட் என்று ஒரு தட்டு கொடுப்பார்கள். சோறு, ஒரு கறி, கொஞ்சம் பன்சித், ஷோமாய், எள் தூவிப் பொரித்த புச்சி என்கிற இனிப்பு உருண்டை, ஒரு இறால் அப்பளம். பெயர் பழைய சீன விருந்திலிருந்து வந்தது. பத்துப் பன்னிரண்டு வகை வரிசையாக வரும் கல்யாணச் சாப்பாடு அது. இங்கே ஒரே தட்டில் சுருங்கிவிட்டது.

சாப்பாடு சுமார்தான். சாவ் ஃபான் என்கிற வறுத்த சோறு எண்ணெயாக இருக்கும், பன்சித் பெரும்பாலும் ஆறிப்போயிருக்கும். ஆனால் 200 பீசோவை ஒட்டி ஒருவர் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஒரு பீசோ ஏறக்குறைய ஒன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஊர் மாலிலும் கிடைக்கும், பேருந்து நிலையம் பக்கத்திலும் கிடைக்கும். சரி, அந்தத் தனி நேரம் எது? ஏப்ரல், மே வெயிலில் பிற்பகல் மூன்று மணி. அப்போது சௌகிங்குக்குள் போய் ஹாலோ-ஹாலோ வாங்க வேண்டும். சீவிய ஐஸ், பால், இனிப்பு பயறு, ஜெல்லி, ஊதா நிற உபே கிழங்கு எல்லாம் ஒரே கிண்ணத்தில். சீனக் கடையில் ஏன் இந்த ஃபிலிப்பினோ இனிப்பு என்று யாரும் கேட்பதில்லை. பலர் அந்தக் கடைக்குப் போவதே அதற்காகத்தான். மதியச் சாப்பாட்டுக்கு என்றால், வேறு வழி இருக்கும்போது நான் போகமாட்டேன்.

இதே மாதிரி இன்னொன்று பாண்டா எக்ஸ்பிரஸ். அமெரிக்கச் சீனச் சாப்பாடு, 2019 கடைசியில் ஜாலிபீயோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. ஆரஞ்சு சிக்கன் பிடித்தவர்கள் போகலாம். மணிலாவுக்கு வந்து ஏன் அதைச் சாப்பிட வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

நூடுல்ஸ் கடை

நார்த் பார்க், லுக் யுவென் போன்றவை இந்த வகை. இங்கே உட்கார்ந்ததும் மெனு வரும், தண்ணீர் வரும், சொன்ன பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிண்ணம் வரும். வாண்டன் நூடுல்ஸ், மாட்டு நெஞ்சுக்கறி நூடுல்ஸ், மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று வரும் லோமி, முட்டையோ மீனோ போட்ட கஞ்சி. ஒரு கிண்ணம் ஒருவருக்குத் தாராளம். கூட ஒரு தட்டு ஹகாவ், அதாவது இறால் வைத்து அவித்த கண்ணாடி போன்ற கொழுக்கட்டை, சொன்னால் இருவருக்கு ஆகும். ஆளுக்கு 300இலிருந்து 500 பீசோ வரை என்பது என் கணக்கு.

தனியாகச் சாப்பிடுகிறவருக்கு இதைவிடச் சிறந்த இடம் மாலில் இல்லை. வட்ட மேசைக் கடையில் தனி ஆளாக உட்கார்ந்தால் ஒரு வகைக்கு மேல் சொல்ல முடியாது, சொன்னதும் மிஞ்சும். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. மழைக்காலத்தில், ஜூலை ஆகஸ்டில், சாலையில் தண்ணீர் தேங்கி டாக்ஸி கிடைக்காமல் மாலிலேயே மாட்டிக்கொள்ளும் மாலைகளில் இந்தக் கிண்ணம் அருமையாக இருக்கும். மேசையில் இருக்கும் மிளகாய்ப் பூண்டு எண்ணெயைக் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள். நம் நாக்குக்கு இது சாதாரணம் என்று நினைத்து இரண்டு கரண்டி ஊற்றினால் சூப்பின் ருசி போய்விடும்.

குறை என்றால், குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு கிண்ணத்தில் தலை குனிந்துகொண்டு சாப்பிடுவோம். பகிர்ந்து சாப்பிடும் சந்தோஷம் கிடைக்காது.

வட்ட மேசைக் கடை

ஹாப் சான், குளோரியா மாரிஸ், காஸ்வே, மான் ஹான், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ கடைகள். கிளைகள் திறக்கும், மூடும், மாலுக்கு மால் மாறும். குறிப்பிட்ட பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை, வகையை அடையாளம் கண்டால் போதும். நடுவில் சுழலும் கண்ணாடித் தட்டு, வாசலில் மீன் தொட்டி, சிவப்பு அல்லது பொன்நிற அலங்காரம், பக்கத்து மேசையில் யாருக்காவது பிறந்தநாள். இதுதான் நான் முதலில் சொன்ன உள்ளூர்க் கடை.

ஞாயிற்றுக்கிழமை மணிலாக் குடும்பங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தால் இந்தக் கடைகளின் அருமை தெரியும். பல மால்களுக்குள்ளேயே சிற்றாலயம் இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு அரங்கில் திருப்பலி நடக்கும். பூசை முடிந்ததும் பாட்டி, தாத்தா, பேரக்குழந்தைகள், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்று பத்துப் பேர் நேராகச் சாப்பிட வருவார்கள். ஆளுக்கொரு தட்டு என்பது அவர்களுக்கு ஒத்துவராது. மேசை நடுவில் எல்லாம் வர வேண்டும். சீன முறையும் ஃபிலிப்பினோ வழக்கமும் சரியாகப் பொருந்துகிற இடம் இது.

ஆறு பேர் போனால் நான் சொல்வது இப்படி இருக்கும்: ஒரு யாங் சாவ் வறுத்த சோறு, பெரியது. ஒரு பன்சித் கான்டன். ஷோமாய் இரண்டு கூடை, ஹகாவ் இரண்டு கூடை, தைரியமுள்ளவர்கள் இருந்தால் கோழிக்கால் ஒரு கூடை. உப்பும் மிளகும் போட்டுப் பொரித்த கணவாய். பூண்டு போட்டு வதக்கிய கீரை ஒரு தட்டு. அப்புறம் ஒரு பன்றி வகை, லெச்சோன் மக்காவ் இருந்தால் அதுவே. தோல் மொறுமொறுவென்று இருக்கும். ஆறு பேருக்கு இதற்கு மேல் வேண்டாம். மெனுவில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு போட்டிருக்கும். நடுத்தரம் என்பதே மூன்று நான்கு பேருக்கு வரும் என்பதை முதல் முறை போகிறவர்கள் நம்பமாட்டார்கள். பாதிச் சாப்பாட்டில்தான் புரியும். மிஞ்சினால் கட்டிக் கொடுப்பார்கள், அதில் யாரும் கூச்சப்படுவதில்லை.

இந்தக் கடைகளில் கிடைக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹாட் ப்ரான் சாலட் என்று மெனுவில் இருக்கும். பொரித்த இறால், மேலே மயோனைஸ், அடியிலோ பக்கத்திலோ பழத்துண்டுகள். படிக்கும்போது விபரீதமாகத்தான் தோன்றும். இனிப்பும் புளிப்பும் கொழுப்புமாக அது ஃபிலிப்பினோ நாக்குக்கென்றே அமைந்தது. ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ஹாங்காங் நண்பர் ஒருவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தட்டைக் காலி செய்தவரும் அவர்தான்.

மான் ஹான் மட்டும் கொஞ்சம் தனி. கான்டன் வழியைவிட ஃபூஜியன் பக்கம் சாய்ந்த மெனு அங்கே. சிப்பி போட்ட முட்டை அடை, பழுப்புச் சோறாக வரும் கியாம்போங், ஒட்டும் அரிசியை இலையில் கட்டி அவித்த மாச்சாங். பினோண்டோ வீட்டுச் சமையலின் சாயலை மாலில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். குழந்தைகள் கூட வந்தால் வழக்கமான டிம்சம் கடையே பாதுகாப்பு.

ஆளுக்கு 500இலிருந்து 800 பீசோ ஆகும். உயிர் மீன், நண்டு என்று தொட்டியைக் காட்டிச் சொன்னால் கணக்கு எங்கேயோ போய்விடும். எடை போட்டு விலை சொல்லும் பொருளை, விலையைக் கேட்காமல் சொல்லாதீர்கள். இது எந்த ஊருக்கும் பொருந்தும்.

நேரம் முக்கியம். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் போனால் காகிதத்தில் பெயர் எழுதிவிட்டு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். பதினொன்றுக்குள் போய்விடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மணிக்கு மேல். ஹாங்காங்கில் டிம்சம் காலை, மதிய வேளைச் சாப்பாடு. மணிலா மாலில் இரவு எட்டு மணிக்கும் கூடை கூடையாக வரும். சில கடைகளில் பிற்பகலில் டிம்சத்துக்கு விலைக்குறைப்பும் உண்டு. சீனப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம். 2012இலிருந்து அந்த நாள் ஃபிலிப்பைன்ஸில் விடுமுறை, ஊரே வெளியே வந்து சாப்பிடும்.

வெளிநாட்டுப் பெயர்கள்

டிம் ஹோ வான் ஹாங்காங்கின் மாங் காக் பகுதியில் 2009இல் ஒரு சின்னக் கடையாகத் தொடங்கி, மிஷலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம் பெற்ற கடைகளில் மிக மலிவானது என்று பெயர் வாங்கியது. மணிலாவுக்கு 2014இல் மெகாமாலில் வந்தது. தாய்வானின் டின் டாய் ஃபுங் அதே மாலுக்கு 2015 கடைசியில் வந்தது. முதலாவதின் புகழ் மேலே சர்க்கரை மொறுமொறுப்போடு சுட்டெடுத்த பன்றிக்கறி பன். இரண்டாவதின் புகழ் உள்ளே சூப் நிறைந்த கொழுக்கட்டையான ஷாவ்லோங்பாவ், ஒவ்வொன்றிலும் 18 மடிப்பு. கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை முகமூடி போட்டவர்கள் மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தபடியே காத்திருக்கலாம்.

இரண்டும் நன்றாகவே இருக்கும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சிங்கப்பூரிலோ ஹாங்காங்கிலோ அதையே சாப்பிட்டவருக்கு இங்கே புதிதாக என்ன கிடைக்கும்? பெரும்பாலும் அதே மெனு, அதே மடிப்பு. டின் டாய் ஃபுங்கில் ஒருவருக்கு ஆயிரம் பீசோவைச் சுலபமாகத் தொடும், அளவோ சிறியது. பசியோடு போகிற பையன்கள் இருக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. இருவராகப் போய், கொஞ்சமாக, நிதானமாகச் சாப்பிட நினைத்தால் நல்ல தேர்வு. முதல் முறை ஷாவ்லோங்பாவ் சாப்பிடுகிறவரையும் இங்கேதான் கூட்டிப்போவேன், மற்றக் கடைகளில் அது பெரும்பாலும் சூப் வற்றிப்போய் வரும்.

டிம் ஹோ வானும் இப்போது ஜாலிபீ குழுமத்தின் கையில்தான் இருக்கிறது. சௌகிங்கில் லோரியாட் சாப்பிட்டாலும் இங்கே பன் சாப்பிட்டாலும் பணம் ஒரே பெட்டிக்குப் போகிறது.

ஸ்டாலில் ஷோமாய் சாப்பிடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஹென்லின், மாஸ்டர் ஷோமாய் என்று இருக்கும். நான்கு உருண்டை, சோயா சாஸ், கலமான்சி எலுமிச்சை பிழிந்து, மிளகாய் எண்ணெய். படம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தால் சரி.

பினோண்டோவுக்கே போய்விடலாமே என்று கேட்பவர்களுக்கு: அரைநாள் கையில் இருந்து, நடக்கத் தெம்பு இருந்து, மழை இல்லாவிட்டால் தாராளமாகப் போங்கள், அங்கே சாப்பாடு இன்னும் நன்றாகவே இருக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவையும் தூங்குமூஞ்சிக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஓங்பின் தெருவில் நடப்பது வேறு விஷயம். இடைவழி ஒன்று உண்டு. பினோண்டோவிலேயே லக்கி சைனாடவுன் என்ற மால் இருக்கிறது, வண்டியை அங்கே விட்டுவிட்டு இரண்டு உலகத்தையும் பார்க்கலாம்.

பில்லும் நம் ஆட்களும்

உட்கார்ந்து சாப்பிடும் கடைகளில் பெரும்பாலும் 10 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். குடிதண்ணீர் கேட்கும்போது சர்வீஸ் வாட்டர் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறிவிடும். அறுபது வயது ஆனவர்களுக்கு 20 சதவீதத் தள்ளுபடியும் வாட் வரி விலக்கும் சட்டப்படி உண்டு, ஆனால் அது ஃபிலிப்பைன்ஸ் குடிமக்களுக்குத்தான். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவின் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பயனில்லை. பகிர்ந்து சாப்பிட்ட பில்லில் முதியவரின் பங்குக்கு மட்டும்தான் அந்தத் தள்ளுபடி. மொத்த பில்லையும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துக் கணக்குப் போடுவார்கள்.

ஃபிலிப்பைன்ஸின் தெற்கே உள்ள டவாவோ நகரில் மருத்துவம் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்களைப் பார்க்க வரும் பெற்றோரோடு மாலுக்குப் போகும்போது பெரிய சிக்கல் சைவம்தான். மாட்டுக்கறி, பன்றிக்கறி வேண்டாம் என்பவர்களுக்கு வட்ட மேசைக் கடை சமாளித்துவிடும். கோழி, இறால், மீன் வகைகள் போதுமான அளவு உண்டு. ஷோமாயில் மட்டும் கிட்டத்தட்ட எப்போதும் பன்றி இருக்கும், யாங் சாவ் சோற்றிலும் பன்றித் துண்டு கிடக்கும். சொல்லி எடுக்கச் சொல்லலாம். முழுச் சைவம் என்றால் கீரைத் தட்டில்கூட சிப்பி சாஸும், கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரும் இருக்கலாம். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கறி என்றால் மாடும் பன்றியும்தான் என்று எடுத்துக்கொண்டு இறாலைத் தூவிக் கொண்டுவந்து வைப்பார்கள். கோழி வேண்டாம், இறால் வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், சிப்பி சாஸ் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்திலேயே சொல்லலாம், எல்லோருக்கும் புரியும். முட்டையும் தொடாத பெற்றோர் என்றால் மால் சீனக் கடையை விட்டுவிடுங்கள். மணிலா வழியாகப் போகிறவர்களாக இருந்தால் பினோண்டோவில் குவான் யின் சாய் மாதிரி பௌத்தச் சைவக் கடை இருக்கிறது, முட்டையைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டு அங்கே நிம்மதியாகச் சாப்பிடலாம்.

நாட்டின் நடுப்பகுதியில் உள்ள செபுவுக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அங்கே மால்களில் ஹார்பர் சிட்டி, டிம்சம் பிரேக், டிங் குவா குவா என்று உள்ளூர்க் கடைகள் உண்டு. ஆவி பறக்கும் கூடைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு மேசைக்கு மேசை வருவார்கள், கை காட்டி எடுத்துக்கொள்ளலாம். அங்கே சொல்ல வேண்டியது ஸ்டீம்டு ரைஸ். வறுத்த சோற்றைக் கிண்ணத்தில் வைத்து, மேலே பன்றியும் இறாலும் பட்டாணியும் போட்ட கெட்டிக் குழம்பு ஊற்றி அவித்துத் தருவார்கள். விலை மலிவு, மணிலா ஆட்களே அதற்கு ஏங்குவார்கள். தனியாகப் போனாலும் பத்துப் பேராகப் போனாலும் செபுவில் நான் இந்த மாதிரிக் கடைக்குத்தான் போவேன்.